கெம்பேயின் ஐந்தாவது அண்டை: முதலாண்டு மாணவர் படிக்க வேண்டிய ஒரு தவறான நிரூபணம்

தனிநிலைக் கணிதம் படிக்க வரும் மாணவருக்கு நாம் காட்டும் நிரூபணங்கள் எல்லாமே சரியானவை. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண், பகா எண்களுக்கு முடிவில்லை, முதல் சில எண்களின் கூட்டுத்தொகைச் சூத்திரம் என்று எதை எடுத்தாலும், அது பல தலைமுறை சரிபார்த்துப் பளிச்சென்று துடைத்து வைத்த வடிவத்தில்தான் கரும்பலகைக்கு வருகிறது. மாணவர் அதை எழுதிக்கொள்கிறார், மனப்பாடம் செய்கிறார், தேர்வில் திருப்பி எழுதுகிறார். ஒரு நிரூபணம் எங்கே உடையும், எப்படி உடையும் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை. இது பெரிய குறை என்று நினைக்கிறேன். உடைந்த ஒன்றைப் பார்க்காதவருக்கு, உடையாமல் நிற்பது ஏன் நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

அதனால் இந்த ஆய்வுக்கு ஒரு தவறான நிரூபணத்தை எடுத்துக்கொள்கிறேன். எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்ற நான்கு வண்ணத் தேற்றத்துக்கு ஆல்ஃபிரட் கெம்பே எழுதியது, 1879இல் வெளிவந்தது. தேர்ந்த கணிதர்கள் படித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். 11 ஆண்டுகள் சரியென்றே நம்பப்பட்டது. தொகுத்தறிதல், வகை பிரித்தல், முரண்பாட்டு முறை, எதிர் எடுத்துக்காட்டு என்று முதல் பருவத்தில் படிக்கும் கருவிகள் அனைத்தும் இந்த ஒரே நிகழ்வுக்குள் இருக்கின்றன.

கேள்வி வந்த வழி

1852இல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்தின் கவுண்டி வரைபடத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லையைப் பகிரும் இரண்டு பகுதிகளுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. ஒரு புள்ளியில் மட்டும் தொட்டால் பரவாயில்லை. நான்கு நிறம் போதுமாக இருந்தது. எந்த வரைபடத்துக்கும் நான்கே போதுமா என்று அவருக்குத் தோன்றியது. தம்பி ஃபிரெடரிக் அப்போது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் அகஸ்டஸ் டி மார்கனிடம் படித்துக்கொண்டிருந்தார். கேள்வி அவர் மூலம் டி மார்கனிடம் போனது. டி மார்கன் அக்டோபர் 23 அன்று டப்ளினில் இருந்த கணிதர் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதினார். ஹாமில்டன் ஆர்வம் காட்டவில்லை.

டி மார்கன் நமக்கு அந்நியர் இல்லை. 1806இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர். தர்க்கப் பாடத்தில் முதல் வாரமே வரும் டி மார்கன் விதிகள் அவருடையவை. நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பிலேயே படிக்கும் கணிதத் தொகுத்தறிதலுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரும், அவர் 1838இல் எழுதிய ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையை ஒட்டிப் பரவியதுதான்.

அவர் இந்தக் கேள்வியை அணுகிய விதத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. நான்கு பகுதிகள் ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் தொட்டால், ஏதாவது ஒன்று உள்ளே அடைபட்டுவிடும்; எனவே ஐந்தாவது ஒன்று நான்கையும் தொட முடியாது. இதுதான் பிரச்சினையின் மையம் என்று அவர் கருதினார். ஒன்றையொன்று தொடும் ஐந்து பகுதிகள் தளத்தில் சாத்தியமில்லை என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து 'நான்கு நிறம் போதும்' என்பது வராது. ஒரு பகுதிக்கு ஒரு புள்ளி, அதாவது ஒரு முனை, என்று ஐந்து முனைகளை வளையமாக அடுக்கி, தொடுவதற்கு அடையாளமாகப் பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஒன்றையொன்று தொடும் மூன்று முனைகள் அதில் எங்கும் இல்லை. அப்படியும் இரண்டு நிறம் போதாது, மூன்று வேண்டும். ஐந்து நிறம் தேவைப்பட ஒரு காரணம் இல்லை என்று காட்டுவதும், எந்தக் காரணமும் இல்லை என்று காட்டுவதும் வேறு வேறு. இன்றுவரை நான்கு வண்ணத் தேற்றத்தை ஒரு பக்கத்தில் நிரூபித்துவிட்டதாக எழுதுபவர்களில் பலர் சறுக்கும் இடம் இதுதான்.

அதன்பின் கேள்வி நெடுநாள் உறங்கியது. 1878இல் லண்டன் கணிதக் கழகக் கூட்டத்தில் ஆர்தர் கேய்லி, இதை யாராவது தீர்த்துவிட்டார்களா என்று கேட்டார். அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் அவரிடம் படித்தவரும் தொழிலால் வழக்கறிஞருமான ஆல்ஃபிரட் பிரே கெம்பே, 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் தன் நிரூபணத்தை வெளியிட்டார்.

நிரூபணம்

கெம்பே வரைபடத்தின் மொழியில் எழுதினார். நாம் இன்றைய வகுப்பறை மொழிக்கு மாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு நாடும் ஒரு முனை. எல்லையைப் பகிரும் இரண்டு நாடுகளுக்கு இடையே ஒரு விளிம்பு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரைய முடிவதால் இது தளக் கோட்டுரு. விளிம்பால் இணைந்த முனைகளை அண்டைகள் என்போம். அண்டைகளுக்கு ஒரே நிறம் வராமல் எல்லா முனைகளுக்கும் நான்கு நிறத்துக்குள் நிறம் தர வேண்டும்.

முதலில் ஒரு துணைத் தேற்றம்: எந்தத் தளக் கோட்டுருவிலும் ஐந்துக்கு மிகாத அண்டைகள் கொண்ட முனை ஒன்றாவது இருக்கும். ஆய்லர் சூத்திரப்படி முனைகள் − விளிம்புகள் + முகங்கள் = 2. (முகம் என்பது விளிம்புகள் பிரிக்கும் ஒவ்வொரு பரப்பும், வெளிப்பரப்பும் சேர்த்து.) ஒவ்வொரு முகத்தையும் சுற்றிக் குறைந்தது மூன்று விளிம்புகள். ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு பக்கம். இரண்டையும் சேர்த்தால், விளிம்புகளின் எண்ணிக்கை முனைகளின் மும்மடங்கைவிடக் குறைந்தது 6 குறைவாக இருக்கும். ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முனைகளில் எண்ணப்படுவதால், எல்லா முனைகளின் அண்டைக் கணக்கையும் கூட்டினால் அது முனைகளின் ஆறு மடங்குக்குக் குறைவு. எல்லா முனைக்கும் ஆறோ அதற்கு மேலோ அண்டைகள் இருந்தால் இது நடக்காது. சரி, முரண்பாடு கிடைத்துவிட்டது.

இனி தொகுத்தறிதல்: சிறிய கோட்டுருக்களுக்குக் கூற்று உண்மை என்று கொண்டு, அதிலிருந்து பெரியதற்குக் காட்டுவது. கோட்டுருவிலிருந்து ஐந்துக்கு மிகாத அண்டைகள் கொண்ட ஒரு முனையை நீக்குகிறோம். அதை மைய முனை என்று வைத்துக்கொள்வோம். மீதிக்கு நான்கு நிறம் போதும் என்பது தொகுத்தறிதல் கருதுகோள். பிறகு மைய முனையைத் திரும்ப வைத்து அதற்கு நிறம் தேட வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கெம்பே பெரிய கோட்டுருவில் தொடங்கி ஒரு முனையை எடுக்கிறார். மாணவர்களின் விடைத்தாள்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: சிறிய கோட்டுருவை எடுத்து, அதனுடன் ஒரு முனையைச் சேர்க்கிறார்கள். 'ஒவ்வொரு முனைக்கும் ஓர் அண்டையாவது இருந்தால் கோட்டுரு முழுவதும் இணைந்திருக்கும்' என்ற பொய்யான கூற்றை அந்த வழியில் அழகாக 'நிரூபிக்க' முடியும். இணைந்த கோட்டுரு ஒன்றை எடு, ஓர் அண்டையாவது உள்ள புது முனையைச் சேர், முழுவதும் இணைந்திருக்கிறது, முடிந்தது. ஆனால் நான்கு முனைகளும் ஒன்றையொன்று தொடாத இரண்டு விளிம்புகளும் இருந்தால் கூற்று பொய். அந்தக் கோட்டுருவில் எந்த முனையை எடுத்தாலும் இன்னொன்று அண்டையே இல்லாமல் தனித்துவிடும். ஆகவே நிபந்தனைக்கு உட்பட்ட சிறிய கோட்டுருவிலிருந்து அதைக் கட்டவே முடியாது. சேர்த்துக்கொண்டே போகும் வழி அதைச் சந்திப்பதே இல்லை. பெரியதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கெம்பே இந்தப் பிழையைச் செய்யவில்லை.

மைய முனைக்கு மூன்று அண்டைகள் வரை இருந்தால் நான்காவது நிறம் மிச்சம் இருக்கும். நான்கு அண்டைகளும் நான்கு வேறு நிறங்களில் இருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. அவை சுற்றிவர சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று இருக்கட்டும். கெம்பேயின் அருமையான யோசனை இங்கேதான் வருகிறது. சிவப்பு அண்டையிலிருந்து புறப்பட்டு, சிவப்பும் நீலமுமான முனைகள் வழியாக மட்டும் எங்கெல்லாம் போக முடியுமோ அவையெல்லாம் ஒரு சங்கிலி. அதற்குள் சிவப்பை நீலமாகவும் நீலத்தைச் சிவப்பாகவும் மாற்றினால் எந்த விதியும் மீறப்படாது. நீல அண்டை அந்தச் சங்கிலியில் இல்லையென்றால் மாற்றிவிடலாம். மைய முனைக்குச் சிவப்பு கிடைத்துவிடும். நீல அண்டையும் அதே சங்கிலியில் இருந்தால், அந்தப் பாதையும் மைய முனையும் சேர்ந்து மூடிய வளையமாகிவிடும். பச்சை அண்டை ஒரு பக்கம், மஞ்சள் அண்டை மறு பக்கம். பச்சை–மஞ்சள் சங்கிலி சிவப்பு–நீல வளையத்தைத் தாண்ட முடியாது. ஆகவே பச்சை அண்டை இருக்கும் பச்சை–மஞ்சள் சங்கிலியில் நிறம் மாற்றினால் பச்சை விடுபடும்.

இதுவரை எல்லாம் சரி. இன்றும் இந்தச் சங்கிலிகளுக்குக் கெம்பே சங்கிலி என்றுதான் பெயர்.

மீதி இருப்பது ஐந்து அண்டைகள். அவற்றில் நான்கு நிறமும் வந்திருந்தால், ஒரு நிறம் மட்டும் இரண்டு முறை வந்திருக்கும். சுற்றில் அடுத்தடுத்து வரும் அண்டைகளுக்கு இடையே விளிம்பு இல்லையென்றால் முன்பே சேர்த்துக்கொள்ளலாம், கட்டுப்பாடு கூடுமே தவிரக் குறையாது. அதனால் ஒரே நிறம் கொண்ட இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. சுற்று வரிசை இப்படி இருக்கட்டும்: அ சிவப்பு, ஆ நீலம், இ மஞ்சள், ஈ பச்சை, உ நீலம்.

அ-வும் இ-யும் ஒரே சிவப்பு–மஞ்சள் சங்கிலியில் இல்லையென்றால், அ-வின் சங்கிலியை மாற்றி முடித்துவிடலாம். அ-வும் ஈ-யும் ஒரே சிவப்பு–பச்சைச் சங்கிலியில் இல்லாவிட்டாலும் அப்படியே. எனவே இரண்டு பாதைகளும் இருக்கின்றன என்று கொள்வோம். சிவப்பு–மஞ்சள் வளையம் ஆ-வை ஈ-யிடமிருந்து பிரிக்கிறது. ஆகவே ஆ இருக்கும் நீல–பச்சைச் சங்கிலியை மாற்றலாம், ஆ பச்சையாகும். சிவப்பு–பச்சை வளையம் உ-வை இ-யிடமிருந்து பிரிக்கிறது. ஆகவே உ இருக்கும் நீல–மஞ்சள் சங்கிலியை மாற்றலாம், உ மஞ்சளாகும். இரண்டையும் செய்தால் அண்டைகளில் நீலம் இல்லை. மைய முனைக்கு நீலம் கொடுத்துவிடலாம். நிரூபணம் முடிந்தது என்றார் கெம்பே.

மேலே படிக்கும் முன் அந்தக் கடைசிப் பத்தியைத் தாளில் வரைந்து, நிதானமாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

உடைந்த இடம்

1890இல் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த பெர்சி ஜான் ஹீவுட் பிழையைக் காட்டினார். முதல் மாற்றம் தனியாகச் செய்தால் சரி. இரண்டாவதும் தனியாகச் செய்தால் சரி. இரண்டையும் செய்வதுதான் தவறு.

சிவப்பு–மஞ்சள் பாதையும் சிவப்பு–பச்சைப் பாதையும் அ-வில் தொடங்குகின்றன. இரண்டிலும் சிவப்பு பொது. ஆகவே வழியில் வேறொரு சிவப்பு முனையில் அவை ஒன்றையொன்று கடந்துபோகலாம். கடந்துவிட்டால், சிவப்பு–பச்சைப் பாதையின் ஒரு துண்டு சிவப்பு–மஞ்சள் வளையத்துக்குள், ஆ இருக்கும் பக்கத்தில் கிடக்கும். அந்தத் துண்டில் உள்ள பச்சை முனைகள் ஆ-வின் நீல–பச்சைச் சங்கிலியைச் சேர்ந்தவையாக இருக்கலாம். முதல் மாற்றத்தில் அவை நீலமாகிவிடும். அதாவது இரண்டாவது மாற்றத்துக்குக் காவலாக நின்ற சுவரிலிருந்து முதல் மாற்றமே செங்கற்களை உருவிவிடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறேன் என்றாலும் தப்ப முடியாது: பச்சையிலிருந்து நீலமான ஒரு முனையும் மஞ்சளிலிருந்து நீலமான ஒரு முனையும் அண்டைகளாக இருந்துவிட்டால், நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் வந்துவிடும்.

ஹீவுட் இதைச் சாத்தியம் என்று சொல்லி நிறுத்தவில்லை. 25 பகுதிகள் கொண்ட ஒரு வரைபடத்தை நிறம் தீட்டிக் கொடுத்து, கெம்பேயின் வழி அதில் முறிவதைக் காட்டினார். பின்னாளில் இன்னும் சிறியவை கிடைத்தன. 9 முனைகள் மட்டும் கொண்ட கோட்டுருவிலேயே இந்த முறிவைப் பார்க்கலாம்.

மாணவர்கள் குழம்பும் இன்னொரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். ஹீவுட்டின் வரைபடத்துக்கு நான்கு நிறம் போதும். வேறு விதமாகத் தீட்டினால் வந்துவிடும். அது தேற்றத்துக்கு எதிர் எடுத்துக்காட்டு அல்ல, நிரூபணத்தின் ஒரு வரிக்கு எதிர் எடுத்துக்காட்டு. நிரூபணம் விழுந்த பிறகும் கூற்று உண்மையா பொய்யா என்பது திறந்தே இருந்தது.

'இரண்டு மாற்றத்தையும் செய்தால்' என்ற அந்தத் துண்டு வரியில் கடினமாக எதுவுமே தெரியவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். படிப்பவரின் கவனம் ஆய்லர் சூத்திரத்திலும் வளையம் பிரிக்கிறதா என்ற வடிவியலிலும் இருக்கும். அவை உறுதியானவை. உடைந்தது, சரிபார்க்கத் தேவையில்லை என்று எல்லாரும் தாண்டிப்போன ஓர் இணைப்பு. இரண்டாவது மாற்றத்துக்கான நியாயம் பழைய நிறங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. செயலோ நிறங்கள் மாறிய பிறகு நடக்கிறது. கணினி அறிவியல் மாணவருக்கு இது பின்னால் இன்னொரு வேடத்தில் வரும். இரண்டு நிரல் இழைகள் ஒரே தரவைத் தனித்தனியாகச் சோதித்துவிட்டு, பிறகு இரண்டுமே அதை மாற்றும்போது நேரும் கோளாறின் உள்ளமைப்பு இதேதான்.

மிஞ்சியது

கெம்பே பிழையை ஏற்றுக்கொண்டார். லண்டன் கணிதக் கழகத்தில் தானே அதை அறிவித்து, சரிசெய்யத் தன்னால் முடியவில்லை என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஹீவுட்டும் இடித்ததோடு போய்விடவில்லை. கெம்பேயின் சங்கிலியையே எடுத்துக்கொண்டு, எந்த வரைபடத்துக்கும் ஐந்து நிறம் போதும் என்று அதே கட்டுரையில் நிரூபித்தார். ஐந்து நிறம் கையில் இருந்தால், ஐந்து அண்டைகளும் ஐந்து வேறு நிறங்களில் இருக்கும்போது மட்டுமே சிக்கல். அப்போது ஒரே ஒரு சங்கிலியை மாற்றினால் போதும். முதலாவதும் மூன்றாவதும் ஒரே சங்கிலியில் இருந்தால் இரண்டாவதின் சங்கிலியை நான்காவதன் நிறத்தோடு மாற்றலாம். இரண்டு மாற்றங்கள் மோதும் பேச்சுக்கே இடமில்லை. மேலே நான்கு அண்டைகளுக்குச் சொன்னதைப் புரிந்துகொண்டவர் இந்த நிரூபணத்தைத் தானே எழுதிவிடலாம்.

1880இல் டெய்ட் கொடுத்த இன்னொரு நிரூபணமும் நிற்கவில்லை. 1891இல் பீட்டர்சன் அதன் ஓட்டையைச் சுட்டினார். உண்மையான நிரூபணம் 1976இல்தான் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஆப்பெல், வோல்ஃப்காங் ஹாக்கன் இருவரும் கணினியை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முடித்தார்கள். அதிலும் கெம்பேயின் சட்டகம் அப்படியே இருக்கிறது: எந்தக் கோட்டுருவிலும் ஒன்றாவது வந்தே தீரும் தவிர்க்க முடியாத அமைப்புகளின் பட்டியல் ஒன்று, அதில் எது வந்தாலும் சிறிய கோட்டுருவுக்குக் குறைக்கலாம் என்ற வாதம் ஒன்று. கெம்பேயின் பட்டியலில் இருந்தவை ஐந்து அண்டைகள் வரை கொண்ட முனைகள் மட்டுமே. அந்த ஐந்தாவது அண்டையைச் சமாளிக்க அவர்களுக்கு ஏறத்தாழ 1,900 அமைப்புகள் தேவைப்பட்டன. 1997இல் ராபர்ட்சன், சாண்டர்ஸ், சீமோர், தாமஸ் நால்வரும் அதை 633 ஆக்கினார்கள்.

வகுப்பறைக்கு

இந்த நிகழ்வை இரண்டு வகுப்பு நேரத்தில் எடுக்கலாம். ஒன்றே ஒன்று: நிரூபணம் தவறு என்று முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. கெம்பேயின் வாதத்தை அப்படியே எழுதிப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இந்த வரி கோட்டுருவின் எந்த நிலையை நம்பி நிற்கிறது' என்று மாணவர்களைக் குறிக்கச் சொல்ல வேண்டும். தொடக்க நிறமா, முதல் மாற்றத்துக்குப் பிறகான நிறமா? இதை உண்மையாகவே எழுதுபவர் கடைசி வரிக்கு வரும்போது தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம்தான் வேண்டியது. அப்புறம் 9 முனைக் கோட்டுரு ஒன்றைக் கையில் கொடுத்து, நான்கு வண்ணப் பென்சிலால் இரண்டு மாற்றங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துபார்க்கச் சொல்லலாம். ஐந்து வண்ணத் தேற்றத்தை வீட்டுப்பாடமாக விடலாம்.

நம் பல்கலைக்கழக வினாத்தாள்களில் 'நிறுவுக' என்ற சொல் நிறைய வருகிறது. 'கீழே உள்ள நிரூபணத்தில் எந்த வரி பொய், ஏன்' என்ற வகைக் கேள்வியை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. பத்துப் பதினைந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் மனப்பாடம் உதவாது. அந்தக் காரணத்துக்காகவே அது வர வேண்டும். திருத்துவது கடினம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தவறான வரியின் எண்ணும் ஓர் எதிர் எடுத்துக்காட்டும்தான் விடை. நான்கு பக்க நிரூபணத்தைத் திருத்துவதைவிட அது எளிது.

ஆர்வம் உள்ளவர்கள் இன்னொரு படி போகலாம். 2005இல் ஜார்ஜ் கோந்தியே நான்கு வண்ணத் தேற்றத்தின் நிரூபணம் முழுவதையும் காக் என்ற நிரூபண உதவி மென்பொருளில் எழுதி, ஒவ்வொரு வரியையும் கணினியே சரிபார்க்கும்படி செய்தார். இன்று காக் (இப்போது ராக் என்று பெயர்), லீன் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கெம்பேயின் ஐந்து அண்டை வாதத்தை அவற்றில் எழுத முயன்றால், முதல் மாற்றத்துக்குப் பிந்தைய நிறங்களில் உ-வும் இ-யும் இன்னும் வெவ்வேறு நீல–மஞ்சள் சங்கிலிகளில்தான் இருக்கின்றன என்பதைக் காட்டு என்று மென்பொருள் தனி இலக்காக எடுத்து வைக்கும். அந்த இலக்கை முடிக்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.